குருதியும் குலமும்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள சாலைச் சந்திப்பு கூட்டேரிப்பட்டு. மயிலம் முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்போர் அங்கே இறங்குவர். மணிலாவும் நெல்லும் ஏற்றிய வண்டிகள் அங்கே திரும்பும். இரவு பகல் என்று பாராமல் பேருந்தும் லாரியும் சீறிப் பாயும். விரைவு மிகுந்த இடத்திலே விபத்தும் மிகுவது இயல்பு.

ஒரு மாலை வேளையில் அங்கே ஒருவர் அடிபட்டு வீழ்கிறார் என்று வைத்துக் கொள்வோம். ஊரிலே உயர்ந்த குடி என்று பெயர் பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். தெருவிலே நடந்தால் மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். 108 வண்டி வருகிறது. முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறார்கள். குருதி வேண்டும், உடனே வேண்டும் என்கிறார் மருத்துவர். உறவினர் ஓடுகிறார்கள், இரத்த வங்கியின் முன் நின்று கை கூப்புகிறார்கள். பை வருகிறது. பையின் மேல் என்ன எழுதியிருக்கிறது? ஏ, பி, ஓ என்ற எழுத்துகளில் ஒன்று, கூட்டல் அல்லது கழித்தல் குறி, எடுத்த நாள், கெடு நாள். கொடுத்தவன் எந்தத் தெருவான் என்று எழுதியிருக்கவில்லை. எழுதும்படி உறவினர் கேட்கவுமில்லை! கேட்பதற்கு அவர்களுக்கு அப்போது நேரமில்லை.

அவரே உயிர் பிழைத்து வீடு திரும்புகிறார். ஆறு திங்கள் கழித்து, அவர் மகள் தன்னோடு படித்த இளைஞனை மணக்க விரும்புகிறாள். இப்போது நேரம் நிறைய இருக்கிறது! “நம் இரத்தம் என்ன, அவன் இரத்தம் என்ன?” என்று கேட்கிறார். எந்த இரத்தம்? சேரியிலிருந்து வந்ததோ, சேவூரிலிருந்து வந்ததோ என்று அறியாமல், ஊசி முனை வழியாக உடலிலே ஏற்றிக்கொண்ட அந்த இரத்தமா?

இது கற்பனைக் காட்சி. ஆனால் இதன் ஒவ்வொரு பகுதியும் நாள்தோறும் நம் நாட்டிலே தனித்தனியே நடப்பதுதான். சாதியைக் காப்போர் தம் கோட்டையின் கடைசி மதிலாக வைத்திருப்பது இந்த ‘இரத்தம்’ என்னும் சொல்லை. வேதம் சொல்லிற்று என்றால் இளைஞர் சிரிக்கிறார்கள். மனு சொன்னான் என்றால் சினக்கிறார்கள். ஆகவே, “இரத்தத்திலேயே வந்தது” என்று விஞ்ஞான வேடம் போட்டுப் பேசுகிறார்கள்.

இதற்கு நம் மேடைகள் வழக்கமாகத் தரும் விடை ஒன்று உண்டு. “அவன் உடலை வெட்டினாலும் சிவப்பு இரத்தம், இவன் உடலை வெட்டினாலும் சிவப்பு இரத்தம், எல்லோருக்கும் ஓடுவது ஒரே இரத்தம், ஆகவே எல்லோரும் சமம்!” என்பது அது. கைதட்டல் கிடைக்கும் வாதம். கேட்பவன் நெஞ்சிலே பதியும் வாதம். ஆனால், தோழர்களே, பகுத்தறிவாளன் மாற்றான் கூற்றை மட்டுமா உரைத்துப் பார்ப்பது? தன் மேடையில் முழங்கும் கூற்றையும் அதே உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டாமா? அந்தக் கடமையை எண்ணித்தான் இக்கட்டுரை. எல்லோருக்கும் ஓடுவது ஒரே இரத்தமா? அல்ல என்கிறது மருத்துவம். அப்படியானால் சமத்துவம் சாய்ந்து விடுமா? அதைத்தான் காண வேண்டும்.

குருதியிலே குணம் குடியிருக்கிறது என்னும் எண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1667ஆம் ஆண்டு பாரிசு நகரிலே ழான் தெனி என்ற மருத்துவர், மனநோயால் வெறிகொண்டு திரிந்த ஒருவன் உடலிலே கன்றுக்குட்டியின் இரத்தத்தை ஏற்றினார். ஏன் கன்று? கன்று சாது, அதன் இரத்தம் ஏறினால் இவனும் சாதுவாவான் என்ற நம்பிக்கை! சாந்தம் குழாய் வழியே வழிந்தோடி வரும் என்று கற்றறிந்த மருத்துவரே நம்பிய காலம் அது. நோயாளி பின்னர் மாண்டான்; விவகாரம் நீதிமன்றம் ஏறிற்று; அந்த மருத்துவமுறையே தடைப்பட்டது. 1818இல் இலண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல், மனிதனுக்கு மனிதன் இரத்தமே தரவேண்டும் என்று முயன்றார். சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர். ஏன் ஒருவனுக்கு அமுதமாவது மற்றவனுக்கு நஞ்சாகிறது என்பதை எவராலும் சொல்ல இயலவில்லை.

சொன்னவர் வியன்னா நகரத்துக் கார்ல் லாண்ட்ஸ்டைனர். தம் ஆய்வுக்கூடத்திலே பணியாற்றியோரின் குருதியையும் தம் குருதியையும் எடுத்து, ஒருவர் சிவப்பணுவை மற்றவர் குருதிநீரோடு கலந்து பார்த்தார். சில கலவைகள் அமைதியாக இருந்தன. சிலவற்றிலே அணுக்கள் திரண்டு கட்டியாயின. அந்தத் திரளுதலைக் கூர்ந்து கவனித்து, 1901இல் மனிதக் குருதி ஒன்றன்று, மூவகை என்று அறிவித்தார். அடுத்த ஆண்டே நான்காவது வகையும் வேறு ஆய்வாளரால் கண்டறியப்பட்டது. ஏ, பி, ஏபி, ஓ என்று இன்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும் நான்கு வகைகள் அவைதாம். 1930இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

நான்கு வகை என்றதும் நாலு வருணத்தார் மீசை முறுக்குவரோ? முறுக்கட்டும்; அடுத்த செய்தியைக் கேட்டதும் அது தானே தாழும். தந்தை ஏ வகை, தாய் பி வகை. இருவரிடமும் ஓ என்னும் கூறு வெளிக்குத் தெரியாமல் மறைந்து நிற்கிறது என்று கொள்வோம். அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் நால்வரில் ஒருவன் ஏ, ஒருவன் பி, ஒருத்தி ஏபி, ஒருத்தி ஓ என்று அமையலாம். முகத்தில் ஒருவன், தோளில் ஒருவன், தொடையில் ஒருவன், காலில் ஒருவன் பிறந்தான் என்று புராணிகன் பாடினான். ஒரே தாயின் ஒரே வயிற்றிலே நான்கு வகையும் பிறக்கும் என்று மருத்துவன் காட்டினான். ஒரு வீட்டுக்குள்ளேயே உடன்பிறந்தானின் குருதி பொருந்தாமல், ஊர்க்கோடியில் இருப்பவனின் குருதி பொருந்துவது இதனால்தான்.

இந்த வேற்றுமைதான் எத்தகையது? சிவப்பணுவின் மேல் தோலிலே சர்க்கரைச் சங்கிலி போன்ற ஓர் அமைப்பு நீண்டு நிற்கிறது. அதன் நுனியில் ஒருவகைச் சர்க்கரை ஒட்டினால் ஏ. வேறு வகை ஒட்டினால் பி. இரண்டும் இருந்தால் ஏபி. எதுவும் ஒட்டாது நின்றால் ஓ. ஏ சர்க்கரையை ஒட்டும் நொதியிலும் பி சர்க்கரையை ஒட்டும் நொதியிலும் 354 அமினோ அமிலங்கள் கோத்திருக்கின்றன. அவற்றுள் வேறுபடுவன நான்கே நான்கு. வீரம் அதிலே இல்லை, விவேகம் இல்லை, ஆளும் தகுதி இல்லை, அடிமைத்தனமும் இல்லை. ஒரு சர்க்கரைத் துணுக்கு இருக்கிறது, அவ்வளவே!

இனி, எல்லையைச் சற்று விரித்துப் பார்ப்போம். மனிதருக்குள் வேலி போட்டவன், மனிதனுக்கும் விலங்குக்கும் இடையே மதிலே எழுப்பியிருக்கிறான். அந்த மதிலையும் குருதி மதிக்கவில்லை. 1904இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ஜார்ஜ் நட்டால், நூற்றுக்கணக்கான விலங்குகளின் குருதியை ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். மனிதக் குருதிக்கு எதிராக உருவாக்கிய நீர்மம், வாலில்லாக் குரங்கின் குருதியோடு மிக வன்மையாக வினைபுரிந்தது. வாலுள்ள குரங்கின் குருதியோடு அதற்கடுத்தபடி. ஏனைய விலங்குகளோடு மிகக் குறைவாக. டார்வின் எலும்பைக் கொண்டும் உருவத்தைக் கொண்டும் சொன்ன உறவை, சோதனைக் குழாய் மறுபடியும் சொல்லிற்று.

1925இல் லாண்ட்ஸ்டைனரும் பிலிப் மில்லரும் மனிதக் குரங்குகளின் குருதியிலே மனிதரிடம் உள்ள வகைகளையே தேடினர், கண்டனர். சிம்பன்சியிடம் பெரும்பாலும் ஏ, சிறுபான்மை ஓ, பி இல்லை. கொரில்லாவிடமோ பி. ஒராங்குட்டானிடமும் கிப்பனிடமும் ஏயும் உண்டு, பியும் உண்டு, இரண்டும் சேர்ந்ததும் உண்டு. நம் ஊர்ப் புளியமரத்திலே தாவி, தேநீர்க் கடைப் பலகாரத்தைப் பறித்தோடும் குல்லாய்க் குரங்கின் இனத்திலே, இக்கூறுகள் சிவப்பணுவின் மேல் காணப்படுவதில்லை. எச்சிலிலும் பிற திசுக்களிலும் காணப்படுகின்றன. 2012இல் லோர் செகுரெல் முதலிய ஆய்வாளர்கள் மனிதர், குரங்குகள் ஆகியோரின் மரபணுக்களை ஒப்பிட்டு, இந்த ஏ–பி வேறுபாடு குறைந்தது இரண்டு கோடி ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக வருவது என்று காட்டினர். மனிதன் என்ற ஒருவன் மண்ணிலே தோன்றுவதற்கு முன்னமே தோன்றிய வேறுபாடு!

இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பாருங்கள். ஏ வகைக் குருதி உடைய அண்ணன், பி வகைக் குருதி உடைய தம்பி. இந்த ஒரு கூறை மட்டும் வைத்துப் பார்த்தால், அண்ணனுக்கு நெருங்கியவன் உடன்பிறந்த தம்பியல்லன். ஆப்பிரிக்கக் காட்டுச் சிம்பன்சி! தம்பிக்கு நெருங்கியது கொரில்லா! உடனே சிம்பன்சியின் குருதியை அண்ணனுக்கு ஏற்றலாம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். பொருந்தாத வேறு கூறுகள் பல உள்ளன, ஏற்றினால் கேடு விளையும். நாம் கூறவந்தது அதுவன்று. குருதியின் ஒரு கூறு உறவைச் சொல்லுமானால், அது வகுக்கும் உறவு சாதிக்காரன் வரைந்த கோட்டிலே நடவாது. குடும்பத்தின் குறுக்கே நடக்கும், தேசங்களின் குறுக்கே நடக்கும், இனங்களின் குறுக்கேயும் நடக்கும். “என் இரத்தம்” என்று மார்தட்டுவோன், தன் இரத்தத்தைப் பற்றிய முதற்பாடத்தையே படிக்கவில்லை என்பதுதான் பொருள்.

குரங்கைப் பற்றிப் பேசுகையில், நம் நாட்டுக் குரங்கின் பெயரால் வழங்கும் ஒரு வகையைக் கூறாமல் விடலாகாது. ஆர்.எச். கூட்டல், ஆர்.எச். கழித்தல் என்கிறார்களே, அந்த ஆர்.எச்., வட இந்தியாவிலே திரளாக வாழும் ரீசஸ் குரங்கின் பெயரிலிருந்து எடுத்தது. 1940இல் லாண்ட்ஸ்டைனரும் அலெக்சாண்டர் வீனரும், அக்குரங்கின் சிவப்பணுவை முயல்களுக்கும் கினிப் பன்றிகளுக்கும் செலுத்தி, அவற்றின் உடலிலே உண்டான எதிர்ப்பு நீர்மத்தை எடுத்துச் சோதித்தனர். அது நியூயார்க் நகரத்து வெள்ளையரில் நூற்றுக்கு 85 பேரின் குருதியைத் திரளச் செய்தது. குரங்குக்கும் மனிதனுக்கும் பொதுவான கூறு கிடைத்தது என்று அறிவித்தனர். பின்னர் ஆய்வு நுணுகவே, குரங்கிலே கண்ட கூறும் மனிதரிடம் மருத்துவம் தேடும் கூறும் ஒன்றல்ல என்று தெரிந்தது. விஞ்ஞானம் என்ன செய்தது? மூத்தோர் வாக்கு முழுவதும் மெய் என்று மூடி மறைத்ததா? இல்லை. 1963இல் குரங்கிலே கண்ட கூறுக்கு, அவ்விருவர் பெயரின் முதலெழுத்துகளையே சூட்டிப் பெருமை செய்து, பிழையைத் திருத்திற்று. ஆசானை வணங்கியவாறே ஆசானின் பிழையைத் திருத்துவது அறிவுலகின் மரபு. ஆயிரம் ஆண்டுப் பிழையையும் ‘ஆப்த வாக்கியம்’ என்று போற்றுவது யாருடைய மரபு என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கண்டுபிடிப்பால் கண்ணீர் துடைக்கப்பட்டவர்கள் யார்? தாய்மார்கள். தாய் ஆர்.எச். கழித்தல், கருவிலிருக்கும் பிள்ளை கூட்டல். முதற்பிள்ளை பெரும்பாலும் நலமாகப் பிறக்கும். பிறப்பின்போது பிள்ளையின் குருதி சிறிதளவு தாயின் குருதியிலே கலக்க, தாயின் உடல் எதிர்ப்பை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். அடுத்த பிள்ளையும் கூட்டலாக இருந்தால், அந்த எதிர்ப்பு கருவின் சிவப்பணுக்களை அழிக்கும். மஞ்சள் பூத்துப் பிறக்கும் பிள்ளை, வீங்கிப் பிறக்கும் பிள்ளை, செத்துப் பிறக்கும் பிள்ளை! காரணம் தெரியாத நாளில் நாம் அந்தத் தாய்க்குச் சூட்டிய பெயர்கள் என்னென்ன? பாவி, பிள்ளையைத் தின்றவள், நாக தோஷக்காரி! அவளை அரசமரம் சுற்றச் சொன்னோம். அவள் கணவனுக்கு இரண்டாந்தாரம் தேடினோம். மணத்துக்கு முன் சோதிடன் பத்துப் பொருத்தம் பார்த்தான். நாள் பார்த்தான், கணம் பார்த்தான், யோனி பார்த்தான், இரச்சு பார்த்தான். பார்த்திருக்க வேண்டிய இந்த ஒன்றை அவனால் பார்க்க இயலவில்லை. 1968 முதல் வழக்கத்துக்கு வந்த தடுப்பு ஊசி ஒன்று, உரிய காலத்திலே போட்டால், அந்தச் சாவைத் தடுக்கிறது. தோஷம் கழிக்க எந்தக் கோயில் குளமும் செய்யாததை, முயலின் குருதியும் குரங்கின் குருதியும் காட்டிய வழி செய்தது.

இன்னொரு கொடுமையையும் இங்கே குறிக்க வேண்டும். குரங்கை ‘அனுமன்’ என்று கும்பிட்டுப் பழமும் வடைமாலையும் படைக்கும் நாடு இது. கோயில் கோபுரத்திலே குரங்கு ஏறலாம், கருவறை வாயில் வரை தாவலாம், தீட்டு இல்லை. ஆனால் மனிதன் ஒருவன் வாசற்படி மிதித்தால் தீட்டு என்று கதவடைத்தோம்! குரங்கோடு உறவு என்று டார்வின் சொன்னால் வைதீகருக்கு மானம் போகிறது. மனிதனோடு உறவே இல்லை என்று சொல்வதிலே மட்டும் மானம் போகவில்லை.

சரி, விஞ்ஞானம் சாதியை ஒழித்துவிட்டது என்று இத்துடன் முடித்துவிடலாமா? அது சோம்பேறித்தனமாகும். விஞ்ஞானக் கருவியை எடுத்துக்கொண்டே வேற்றுமை வளர்த்தவர்களும் உண்டு. அந்த வரலாற்றை மறைப்பது பகுத்தறிவாகாது. ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி மூக்கின் அகலத்தை அளந்து, மூக்கு அகல அகலச் சாதி தாழும் என்று எழுதினார். சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909இல் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அறிஞர் அம்பேத்கர், தீண்டப்படாதார் எவர் என்பது குறித்து 1948இல் எழுதிய நூலிலே, அந்த மூக்களவைக் கணக்கையே எடுத்துக்கொண்டு, இது மெய்யான சான்றானால், பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஒரே இனத்தவர் என்றே முடியும் என்று திருப்பி அடித்தார். எதிரியின் வாளாலேயே எதிரியை வென்ற திறம் அது!

மூக்கு தோற்றதும் குருதியைப் பிடித்தனர். முதல் உலகப் போரின்போது சலோனிகா போர்முனையிலே, லுட்விக் ஹிர்ஸ்ஃபெல்டு, அன்கா ஹிர்ஸ்ஃபெல்டு என்னும் போலந்து நாட்டு மருத்துவத் தம்பதியர், பல நாட்டுப் படைவீரர்கள் ஏறத்தாழ 8000 பேரின் குருதியைச் சோதித்து, 1919இல் முடிவுகளை வெளியிட்டனர். ஐரோப்பியரிடம் ஏ மிகுதி. இந்தியச் சிப்பாய்களிடம் பி மிகுதி. நான்கு வகையும் எல்லா நாட்டாரிடமும் இருந்தன, விகிதந்தான் வேறு. அந்த விகிதத்தைக் கொண்டு இனங்களுக்கு ஓர் எண் கணக்கும் வகுத்தனர். அறிவு வேட்கையால் செய்த வேலை. ஆனால் விளைவு? இனவெறியர் அந்தக் கணக்கைப் பற்றிக்கொண்டனர். ஏ உயர்ந்தது, பி தாழ்ந்தது என்று செருமனியிலே எழுதினர். 1935இல் நாசி ஆட்சி ‘செருமானியக் குருதியைக் காக்கும்’ சட்டம் போட்டது. அந்தச் சட்டப்படி எவன் யூதன் என்று எப்படி முடிவு செய்தனர் தெரியுமா? குருதியைச் சோதித்தா? இல்லை! பாட்டன் பாட்டி எந்தச் சமயக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்ற ஏட்டைப் பார்த்து! குருதியின் பெயரால் சட்டம். குருதியிலே ஆதாரம் இல்லை. அந்த ஆட்சியே ஹிர்ஸ்ஃபெல்டையும் யூதர் என்று வார்சா நகரத்து முள்வேலிக்குள் அடைத்தது. குருதி வகைகளை இனவாரியாகக் கணக்கிட்ட மேதை, அங்கே நச்சுக் காய்ச்சலோடு போராடி, 1943இல் தப்பிப் பிழைத்தார்.

சனநாயகம் பேசிய அமெரிக்காவோ? இரண்டாம் உலகப் போரிலே செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பரின் குருதியை ஏற்க மறுத்தது. 1942இல் ஏற்றது, ஆனால் தனிப் பையிலே, தனி முத்திரையிட்டு! குருதியைச் சேமிக்கும் முறையிலே முன்னோடியாக விளங்கிய மருத்துவர் சார்லஸ் டிரூ, தாமே கறுப்பர். இதற்கு விஞ்ஞான ஆதாரம் ஏதும் இல்லை என்று எடுத்துரைத்தார். அந்தப் பாகுபாடு ஒழிய 1950 வரை ஆயிற்று. தேநீர்க் கடையிலே இரட்டைக் குவளை வைத்த நம்மவருக்கு, அந்த இரட்டைப் பை புதுமையாகத் தோன்றாது.

இனி நேர்மையான ஓர் ஐயம். “சாதிக்குச் சாதி மரபணுவிலே சிறு வேறுபாடு இருப்பதாக இக்கால ஆய்வே சொல்கிறதே; அப்படியானால் சாதி இயற்கைதானே?” என்று படித்த சனாதனி கேட்பான். கேட்கட்டும், விடை இருக்கிறது. 2013இல் ஐதராபாத்து உயிரணு–மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோரும் அமெரிக்க ஆய்வாளரும் சேர்ந்து வெளியிட்ட முடிவு இது: ஏறத்தாழ 4200 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 1900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்நாட்டு மக்கட்கூட்டங்கள் பெரும் அளவிலே தமக்குள் கலந்தன, பின்னர்தான் கலப்பு குறைந்து, அகமணம் இறுகிற்று. காண்க, தோழர்களே! வேறுபாடு இருந்ததால் சாதி வரவில்லை. சாதி வந்து கதவடைத்ததால் வேறுபாடு வந்தது. வரப்புப் போட்டு நீரைத் தேக்கிவிட்டு, “பார், இந்த வயலின் நீர் அந்த வயலின் நீரோடு கலக்கவில்லை, இது இயற்கை!” என்பவனை உழவன் நகைக்கமாட்டானா? மேலும், 1972இல் ரிச்சர்டு லெவாண்டின் என்ற அமெரிக்க அறிஞர், குருதி வகைகள் முதலியவற்றைக் கொண்டு உலக மக்களின் வேறுபாடு முழுவதையும் கணக்கிட்டார். அதிலே ஏறத்தாழ 85 விழுக்காடு, ஒரே மக்கட்கூட்டத்துக்குள்ளேயே காணும் வேறுபாடு! கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே உள்ளது எஞ்சிய சிறு பகுதியே.

ஆயினும், இந்தக் கணக்குகளின் மீதுமட்டும் நம் கொள்கைக் கட்டடத்தை எழுப்பினால் போதுமா? இக்கட்டுரையின் உயிர்நிலை இதுதான். “எல்லோருக்கும் ஒரே இரத்தம், ஆகவே சமம்” என்றோம். ஒரே இரத்தம் அல்ல என்பதைக் கண்டோம். இன்னும் ஒருபடி மேலே செல்வோம். 1952இல் பம்பாய் நகரத்து மருத்துவர் பெண்டே முதலியோர், அதுவரை உலகம் அறியாத குருதி வகை ஒன்றை அறிவித்தனர். ஓ வகையிலேகூட இருக்கும் அடிப்படைச் சர்க்கரைச் சங்கிலியே முற்றுப்பெறாத வகை அது. ‘பம்பாய் வகை’ என்று உலகமே அழைக்கிறது. நம் நாட்டிலே ஏறத்தாழப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இவ்வகை. எல்லோருக்கும் கொடுக்கத்தக்கது என்று பெயர் பெற்ற ஓ வகையும் இவருக்கு நஞ்சு. இன்னொரு பம்பாய் வகையார் மட்டுமே இவரைக் காக்க முடியும்.

இவர் இரத்தம் நம் இரத்தம் அல்ல. அப்படியானால் இவர் நமக்குச் சமம் அல்லரா? ‘ஒரே இரத்தம்’ என்பதுதான் சமத்துவத்தின் அடித்தளம் என்றால், இவருக்கு நாம் கூறப்போவது என்ன? நாளைக்கே ஓர் ஆய்வாளன், இன்ன சாதியாரிடம் மட்டும் இன்ன கூறு இருக்கிறது என்று ஐயமற நிறுவினால், நாம் கொடியைச் சுருட்டிக்கொண்டு, “தோற்றோம், தீண்டாமை நியாயமே” என்று வீடு திரும்புவோமா? ஒருநாளும் மாட்டோம்! மாட்டோம் எனில், நம் சமத்துவம் அந்த வாதத்தின் மீது நிற்கவில்லை என்பதுதானே பொருள்?

பின் எதன்மீது நிற்கிறது? மனிதன் வலியை உணர்கிறான்; இழிவை உணர்கிறான்; தன் வாழ்வைத் தானே சிந்தித்து அமைக்க விரும்புகிறான். அந்த உணர்ச்சிக்கு ஏ இல்லை, பி இல்லை. குவளையைத் தனியே வைக்கும்போது குன்றும் நெஞ்சு, எந்த வகைக் குருதியைச் சுமந்தாலும் ஒரே வகையாகத்தான் குன்றுகிறது. 1925இல் பெரியார் தொடங்கிய இயக்கத்துக்கு ‘ஒரே இரத்த இயக்கம்’ என்று பெயர் வைக்கப்படவில்லை. ‘சுயமரியாதை இயக்கம்’ என்று பெயர். அந்தப் பெயரிலேயே விடை இருக்கிறது. நாம் ஒன்றுபோல் இருப்பதால் சமம் அல்ல. வேறு வேறாக இருந்தும் சமம். சமத்துவம் சோதனைக் குழாயிலே கண்டெடுத்த பொருளன்று; மனிதர் அறிவாலும் அறத்தாலும் எடுத்துக்கொண்ட உறுதி. விஞ்ஞானம் அதற்கு என்ன செய்கிறது? பொய்களை அகற்றுகிறது. குருதியின் பெயரால் சொன்ன பொய், மூக்கின் பெயரால் சொன்ன பொய், பிறப்பின் பெயரால் சொன்ன பொய் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிகிறது. வழியிலே கிடந்த முள்ளை அகற்றுவது அதன் வேலை. நடக்க வேண்டியது நம் வேலை.

எதிரி ஒன்று கேட்கலாம்: “வலியை உணர்வதே அளவுகோல் எனில், குரங்கும் வலியை உணர்கிறதே?” ஆம், உணர்கிறது. போலியோ தடுப்பு மருந்துக்காகவும் ஆய்வுக்காகவும் ஏராளமான ரீசஸ் குரங்குகள் இந்நாட்டிலிருந்து கப்பலும் வானூர்தியும் ஏறின. 1978இல்தான் அந்த ஏற்றுமதி தடுக்கப்பட்டது. நம் பிள்ளைகளின் கால்களைக் காத்ததிலே அந்த வாயில்லாப் பிராணிகளின் பங்கும் உண்டு. அந்தக் கடனை மறப்பது மனிதத்தன்மையன்று. ஆனால் அந்தக் கேள்வி நம் அறத்தை விரிக்கத்தான் பயன்படும், சுருக்கப் பயன்படாது. குரங்குவரை இரக்கம் நீளவேண்டும் என்றால், அடுத்த தெருவரைகூட அது நீளாதது எத்துணை வெட்கம்!

எந்த மண்ணிலே நின்று இதைப் பேசுகிறோம்? கூட்டேரிப்பட்டிலிருந்து தெற்கே, சிறிது தொலைவில் விழுப்புரம். 1978ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அந்நகரில் தாழ்த்தப்பட்ட மக்கள் பன்னிருவர் கொல்லப்பட்டனர். மண்ணிலே ஓடிய அந்தக் குருதியை எவரும் வகை பிரித்துப் பார்க்கவில்லை. அன்று வீணாகச் சிந்திய குருதி, பையிலே சேர்ந்திருந்தால் எத்தனை உயிரைக் காத்திருக்கும்! சாதிமீறிக் காதலித்தார் என்பதற்காகப் பெற்ற மகளையும் மருமகனையும் வெட்டும் கொடுமை இன்னும் நின்றபாடில்லை. “இரத்தம் கெட்டுவிடும்” என்று சொல்லி, இரத்தத்தைத் தெருவிலே கொட்டுகிறார்கள்!

இளைஞர்களே! உங்களுக்குச் சில சொற்கள். மேடையிலே ‘ஒரே இரத்தம்’ என்று முழங்குமுன் ஒருகணம் எண்ணுங்கள். “குருதி பலவகை, அந்த வகைகள் சாதியை அறியா, அறிந்தாலும் சாதியை ஏலோம்” என்று முழங்குங்கள். முன்னதை மறுக்க ஒரு மருத்துவ மாணவன் போதும்; பின்னதை எவராலும் மறுக்க முடியாது. உங்கள் குருதி எவ்வகை என்று அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். அகவை பதினெட்டு நிறைந்து உடல்நலம் உள்ளவர்கள் கொடுங்கள். ஒருமுறை கொடுப்பது 350 மில்லி அளவே. ஒரு சொம்பு நீர்கூட அன்று. மணம் என்று வரும்போது சாதியைப் பாராதீர்கள், ஆர்.எச். வகையைப் பார்த்து, மருத்துவரிடம் கலந்துகொள்ளுங்கள். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் சட்டம் இயற்றித் தந்த நாடு இது; சட்டம் திறந்த கதவிலே நுழைய வேண்டியது உங்கள் கால்கள்.

மறுபடியும் அந்தச் சாலைச் சந்திப்புக்கு வருவோம். முண்டியம்பாக்கத்துக் கட்டிலிலே ஒருவர் படுத்திருக்கிறார். மேலே தொங்கும் பையிலிருந்து துளித்துளியாகக் குருதி இறங்குகிறது. கொடுத்தவனை அவர் அறியார். பெற்றவரை அவன் அறியான். பொருத்தம் ஒன்றுதான் பார்க்கப்பட்டது; பிறப்பு பார்க்கப்படவில்லை. அந்த ஒரு மணி நேரத்திலே அந்த அறையிலே நிலவுவதுதான் நாம் விரும்பும் சமுதாயம். சாவு நெருங்கும்போது மட்டும் அதை ஏற்று, பிழைத்ததும் மறுக்கிறோமே, அந்த இழிவைத்தான் ஒழிக்க வேண்டும். உயிர் பிழைக்க ஏற்ற முறையை, உயிர் வாழவும் ஏற்போம்!